இன்னொரு சுற்று

ஜனவரி 5, திங்கள்

ஈரோட்டு மருந்துக்கடைக்காரர் சென்னியப்பன் அனுப்பிய டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மாத்திரை விளம்பரம். இன்றைய பக்கத்தில் அஜீரணத்துக்கு. பொருத்தம்தான். ஆபீசில் இன்று கேட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சிகாமணி சார் காலையிலேயே கூப்பிட்டு உட்கார வைத்தார். "அம்மிணி, இந்த மாசக் கடைசியோட நானும் அவரும் பிரியறோம். பில்லிங் எனக்கு, ஸ்டாக் அவருக்கு. ரெண்டும் தனித்தனியா பில்ட் ஆகற மாதிரி பிரிச்சுக் குடுத்துரு" என்றார்.

அவர் என்றால் மோகனசுந்தரம் சார். சிகாமணி சாரின் தங்கை வசந்தாமணியைக் கட்டியவர். வாய்க்கு வாய் "மாப்ளை" என்று கூப்பிட்ட மனிதர் தீபாவளியிலிருந்து "அவரு" என்கிறார். மாப்பிள்ளையும் சளைத்தவர் இல்லை. "உங்க பில்லிங் சார்ட்ட சொல்லீருங்க வாணி" என்று பத்தடி தூரத்துக்கு என்னைத் தூது விடுகிறார்.

பீளமேட்டில் ஒரு மாடி, பதினோரு பேர், மருந்துக்கடைகளுக்கு மென்பொருள். மச்சான் எழுதியது பில்லிங். மாப்பிள்ளை எழுதியது ஸ்டாக். எழுதிய நிரலையெல்லாம் கட்டி, கடைக்காரரின் கணினியில் ஓடுகிற ஒன்றாக ஆக்கும் வேலை, அதாவது பில்ட், என்னுடையது.

பிரிப்பதில் ஒரு முடிச்சு உண்டு. பில்லிங்கைக் கட்ட வேண்டுமென்றால், கட்டி முடித்த ஸ்டாக் வேண்டும். விற்பது மாத்திரையா, அட்டையா, பாட்டிலா என்ற பட்டியல் ஸ்டாக்கில்தான் இருக்கிறது. ஸ்டாக்கைக் கட்ட வேண்டுமென்றால், கட்டி முடித்த பில்லிங் வேண்டும், என்ன விற்றது என்று அதுதான் சொல்லும். இது இல்லாமல் அது இல்லை, அது இல்லாமல் இது இல்லை. இத்தனை வருடம் ஓடியது ஒரு குறுக்கு வழியில். போன தடவை கட்டிய ஸ்டாக்கை வைத்துப் புது பில்லிங், அதை வைத்துப் புது ஸ்டாக். அதோடு விட்டால் பில்லிங் பழைய பட்டியலோடேயே நிற்கும், ஆகவே மறுபடியும் முதலிலிருந்து இன்னொரு சுற்று. வெள்ளிக்கிழமை ரிலீஸ், கடைகளுக்குப் புதுப் பதிப்பு போகும் நாள், என்றால் இரண்டு சுற்று ஓடும். சுற்றுக்கு ஒரு தடவை அவரவர் பகுதியைப் பார்த்து அவரவர் "சரி" சொல்ல வேண்டும் என்பதால் இருவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். இப்போதும் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு.

பிரித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னால் முடியாத முடிச்சு இல்லை இது.

ஜனவரி 6, செவ்வாய்

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி, குடம், அண்டா, குக்கர் வரை நிரப்பினேன். ஆபீசுக்குத் தாமதம்.

பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிடுகிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் போட வேண்டும். ஆபீஸ் பிரிந்தால் நான் எந்தப் பக்கம் என்று இரண்டு சாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், எனக்கென்ன, நாளைக்கே பதில் போட்டுவிடுவேன்.

ஜனவரி 7, புதன்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

எந்த வேலையையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொடங்குவேன். பில்ட் ஓடுகிற கணினியில் வருடக்கணக்காகக் கட்டிப் போட்ட பழைய துண்டுகள் குவிந்து கிடந்தன. குப்பை என்று மொத்தத்தையும் அழித்தேன். நிரல் பத்திரமாக இருக்கும்போது கட்டியதை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும், வேண்டும்போது திரும்பக் கட்டிக்கொள்ளலாம். எந்தப் பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்லும்.

அப்புறம் பில்லிங்கைக் கட்டப் போனேன், ஸ்டாக் எங்கே என்றது. ஸ்டாக்கைக் கட்டப் போனேன், பில்லிங் எங்கே என்றது. நான் அழித்த குப்பைக்குள் இருந்த ஒரு பழைய ஸ்டாக்தான் இத்தனை நாளும் இந்த வண்டியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கம்பெனியில் யாருமே ஒரு தடவைகூட வெறும் தரையிலிருந்து கட்டியதில்லை.

அழித்தது நான்தான், சந்தேகமில்லை. ஆனால் பிரிக்கிற அன்றைக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். அதற்கு முன்னால் தெரிந்ததே லாபம் என்று மோகன் சாரிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை ரிலீஸுங்க வாணி" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 8, வியாழன்

கட்டிய ஸ்டாக் நம்மிடம் இல்லாவிட்டால் என்ன? வாங்கிய கடைகளில் இருக்கிறதே. காலையில் குளிக்கும்போது தோன்றியது.

சென்னியப்பனின் கணினிக்கு இங்கிருந்தே நுழைய எனக்கு அனுமதி உண்டு. அவர் தீபாவளி ரகளைக்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்ற விடவில்லை. அதற்கு முந்தைய ஸ்டாக்கோடுதான் இன்னமும் கடை நடத்துகிறார். போன் போட்டேன்.

"டைரி வந்துச்சுங்களாம்மிணி?"

"வந்துச்சுங்கண்ணா. உங்க கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு ஃபைல் எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்குங்க. எதையும் ஏத்திப் போடாதீங்க, சாமி."

எடுத்தேன். ஒரு சுற்று ஓட்டினேன். சும்மா பார்க்கலாமே என்று பத்து அட்டை மாத்திரை விற்றுப் பார்த்தேன். அட்டை குறையவில்லை, ஊசியில் பத்து குறைந்தது. இரண்டாவது சுற்று ஓட்டிவிட்டு மறுபடி விற்றேன். அட்டை சரியாகக் குறைந்தது.

இதை நான் முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

ரிலீஸ் ஆயிற்று. இடது தோளுக்குப் பின்னால் மச்சான், வலது தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. "சரி." "சரி." மறுபடியும் "சரி." "சரி." இவ்வளவுதான் இந்த வாரம் இருவரும் ஒரே அறையில் பேசியது.

இட்லி மாவு அரைத்தேன். வெந்தயம் கூடிவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

தீபாவளி விஷயத்தை எழுதி வைக்கிறேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் ரிலீஸ். ஸ்டாக் பட்டியலில் மோகன் சார் ஊசியைப் புதிதாகச் சேர்த்திருந்தார். அதுவரை மாத்திரை ஒன்று, அட்டை இரண்டு, பாட்டில் மூன்று. ஊசியை இரண்டாவதாக நுழைத்து மற்றதைத் தள்ளினார். அதில் தப்பில்லை, இரண்டு சுற்று ஓடினால் பில்லிங் தானாகப் புது எண்களை எடுத்துக்கொள்ளும். பண்டிகை முடிந்து ஈரோட்டிலிருந்து போன். "நா ஊசியே விக்கலீங்க, ஊசி எப்படிக் குறையும்?" இரண்டு சாரும் நானும் நேரில் போனோம். கடை நிறையக் கூட்டம், மருந்துக் கம்பெனி ஆட்கள் இருவர், சென்னியப்பனின் சம்பந்தி வேறு. அத்தனை பேர் முன்னாலும் சிகாமணி சார் சொன்னார்: "மாப்ளை கைவெச்ச எடமுங்க. அதான் இப்படி."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை வீட்டுக்குள் வைத்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சபையில் சொல்லக் கூடாது. மோகன் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது காரில் ஏறாமல் பஸ்ஸில் வந்தார்.

பிறகு பழையதை ஏற்றிக் கொடுத்து அந்தக் கடையை ஓட வைத்தோம், ஏன் அப்படி ஆனது என்று யாரும் தேடவில்லை. ஆளைக் கண்டுபிடித்த பிறகு காரணத்தை எதற்குத் தேட வேண்டும் என்பது போல இருந்துவிட்டோம்.

வியாழக்கிழமை எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தீபாவளி ரிலீஸில் இரண்டாவது சுற்று ஓடவில்லை, அதனால் பில்லிங் பழைய கணக்கில் அட்டையை இரண்டு என்றது, ஸ்டாக் அதை ஊசி என்று எடுத்துக்கொண்டது. ஏன் ஓடவில்லை என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. முதல் சுற்று முடிந்ததும் சிகாமணி சார் கையைத் தட்டினார். "போதும் போதும், நோம்பி நாளும் அதுவுமா என்ன வேலை, எல்லாரும் கெளம்புங்க. மாப்ளை, தங்கச்சி எண்ணெய்ச் சட்டியோட காத்துட்டிருப்பா, மொதல்ல நீங்க போங்க." பட்டாசுப் பெட்டி ஒன்றையும் அவர் வண்டியில் வைத்துக் கட்டிவிட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

மோகன் சாரிடம் சொன்னால் எரிகிற அடுப்பில் எண்ணெய். சிகாமணி சாரிடம் தனியாகச் சொன்னால் விழுங்கிவிடுவார், கெட்டவர் இல்லை, ஆனால் விழுங்கிவிடுவார். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வேலை பிரிப்பது. அதைச் செய்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கியது. அடுப்பும் மேடையும் துடைக்க ஒரு மணி நேரம்.

ஜனவரி 19, திங்கள்

வட்டம் உடைந்தது. ஒரே நாள் வேலை.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை எதுவும் இல்லை. இருவரும் அடித்துக்கொள்கிற பொருளை இருவரிடமிருந்தும் வாங்கித் தனியாக வைப்பதுதான். மாத்திரை, அட்டை, ஊசி, பாட்டில் பட்டியலை ஸ்டாக்கிலிருந்து எடுத்தேன். விற்றதைச் சொல்கிற சீட்டின் வடிவத்தை பில்லிங்கிலிருந்து எடுத்தேன். மூன்றாவதாக ஒன்று வைத்து அதற்குப் 'பொது' என்று பெயரிட்டேன். பொதுவுக்கு யாரும் வேண்டாம். பில்லிங்குக்குப் பொது போதும், ஸ்டாக்குக்கும் பொது போதும். எல்லாவற்றையும் மறுபடி அழித்துவிட்டு, இந்தத் தடவை வேண்டுமென்றே அழித்துவிட்டு, வெறும் தரையிலிருந்து கட்டினேன். ஒரே சுற்றில் எழுந்து நின்றது. எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

முடிந்தது என்று சிகாமணி சாரிடம் சொல்லப் போனேன். அவர் போனில் இருந்தார். அப்புறம் மறந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

சொல்ல நேரமில்லை. ஸ்கூட்டர் பஞ்சர்.

மதியம் வசந்தாமணி அக்கா போன் பண்ணினார். மகள் மகிழாவுக்கு ஐந்து வயது. காது குத்து அடுத்த மாதம் எட்டாம் தேதி, குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன்.

"வாணி, அவரு என்ன சொல்றாருன்னா, மச்சான் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பறம் தட்டோட போயி அழைக்கறேங்கறாரு. எங்கண்ணன் என்ன சொல்றாருன்னா, மாப்ளை தட்டோட வந்து அழைக்கட்டும், அப்பறம் பேசிக்கலாங்கறாரு. நா எங்க போயி முட்டிக்கறது சாமி?"

இந்த முடிச்சு எனக்குப் புதிதில்லை. ஆனால் இதைப் பிரிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. பார்க்கலாங்கக்கா என்று சொல்லி வைத்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தார், எனக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

பெங்களூரிலிருந்து நினைவூட்டல். நாளைக்குப் பதில் போட வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

"முடிஞ்சுதா அம்மிணி?" என்றார் சிகாமணி சார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க சார்."

"வக்கீல் கேக்கறாரு. நீ பிரிச்சுக் குடுத்தாத்தான் பிரிவுப் பத்திரம் எழுத முடியும். அந்த நடுவுல ஏதோ பொதுன்னு ஒண்ணு வெச்சிருக்கியாமா? ஆளுக்கு ஒரு நகல் போட்டுக் குடுத்துரு."

நான் முடித்துவிட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். "நகல் போட முடியாதுங்க சார். நீங்க ஒரு பட்டியல் வெப்பீங்க, அவரு ஒரு பட்டியல் வெப்பாரு. ஆறு மாசத்துல ரெண்டும் ரெண்டு வழியில போயிரும். மறுபடியும் ஊசி கதைதான்."

"ஊசி கதை அவரு பண்ணுனது."

"இல்லீங்க சார்" என்று வாய் வரை வந்தது. கதவு சாத்தியிருந்தது. அறையில் நாங்கள் இருவர்தான். சாத்திய கதவுக்குள் சொல்லி என்ன பிரயோஜனம்? ஈரோட்டில் கதவு திறந்துதானே இருந்தது.

"நாளைக்கு ரிலீஸ்ல காட்டறேங்க சார்" என்று எழுந்து வந்தேன். நாளைக்குச் செய்யப் போவது சரிதான். சரியாக வராவிட்டால் முப்பத்தொன்றுக்குப் பிறகு இரண்டு கம்பெனி, மகிழாவுக்குத் தாய்மாமன் இல்லாத காது குத்து. அதனால் சரியாகத்தான் வர வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரிலீஸை என் மேசையில் வைத்துக்கொள்ளாமல் நடு ஹாலில் பெரிய திரையில் போட்டேன். எல்லோரையும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன். "முதல்ல ஒரு பழைய பில்ட் ஓட்டிக் காட்டறேன்" என்றேன். தீபாவளிக்கு முந்தின நாள் நிரல், சென்னியப்பன் கடையிலிருந்து எடுத்து வைத்த ஸ்டாக். ஒரு சுற்று ஓட்டினேன். பத்து அட்டை விற்றேன். திரையில் ஊசி பத்து குறைந்தது. யாரோ "அட" என்றார்கள்.

இரண்டாவது சுற்று ஓட்டினேன். பத்து அட்டை விற்றேன். அட்டை பத்து குறைந்தது.

"ரெண்டு பேர் எழுதுனதுலயும் தப்பு இல்லீங்க. ரெண்டாவது சுத்து ஓடல, அவ்வளவுதான்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் ஓடவில்லை என்று நான் சொல்லவில்லை, என்னைக் கேட்கவுமில்லை.

சிகாமணி சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நாந்தானே நோம்பிக்குப் போங்கன்னு எல்லாத்தையும் வெரட்டி விட்டேன்" என்றார்.

"ஆமாங்க மச்சான்" என்றார் மோகன் சார்.

எல்லோரும் திரும்பினோம். அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

"உங்களுக்குத் தெரியுமா மாப்ளை?"

"ஈரோட்டுலயே ஞாபகம் வந்துருச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க அங்கயே வாயத் தொறக்கல?"

மோகன் சார் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். "எங்களை நேரத்தோட நோம்பிக்கு அனுப்பி வெச்சீங்க. பட்டாசு வேற கட்டி விட்டீங்க. அதைக் கொண்டு போயி அத்தன பேத்து முன்னால தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

இது எனக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்குக் காரணம் தெரியாது, தெரிந்தால் சண்டை பெரிதாகும் என்று பத்து நாளாக நான் பொத்தி வைத்திருந்தேன். மனிதர் அதை மூன்று மாதமாகப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்.

சிகாமணி சார் என் மேசைக்கு வந்து, என் போனை எடுத்து, "ஈரோட்டுக்குப் போடு அம்மிணி. எல்லாரும் கேக்கற மாதிரி போடு" என்றார். போட்டேன்.

"சென்னியப்பண்ணா, சிகாமணி பேசறேன். கடையில கூட்டம் இருக்குதுங்களா?"

"ஏழெட்டுப் பேரு நிக்கறாங்க. என்னங்க?"

"நல்லதுங்க. அவங்களுக்கும் கேக்கற மாதிரி வைங்க. தீவாளிக்கு உங்க கடையில நின்னு எங்க மாப்ளை மேல ஒரு பேச்சு பேசிப் போட்டேன். தப்பு அவரு மேல இல்லீங்க. என்ற மேலதான். மாப்ளை வேல சுத்தமான வேல."

அப்புறம் சென்னியப்பன் கேட்டார்: "செரிங்க. அப்ப ஊசி செரியாயிருச்சுங்களா?"

பதினோரு பேரும் சிரித்தோம். மோகன் சார்தான் முதலில் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 24, சனி

தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரமும் நிறைந்தது. சும்மாவே பாடிக்கொண்டிருந்தேன் என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். பொய்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் மோகன் சார் புது வேட்டியில் வந்தார். பின்னால் வசந்தாமணி அக்கா, கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், அழைப்பிதழ். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மகிழா. வீட்டுக்குப் போய் அழைப்பதுதான் முறை. ஆனால் மச்சான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன இடத்திலேயே அழைக்கலாம் என்று ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்.

சிகாமணி சார் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். அதை மேசையில் வைத்துவிட்டு மகிழாவைத் தூக்கினார். "மாமன் மடியில உக்காந்துக்குவியா கண்ணு?"

"ஊசி குத்துவாங்களா?" என்றது குழந்தை. மறுபடியும் மொத்த ஆபீசும் சிரித்தது. அது ஏன் என்று புரியாமல் அக்கா எங்களை முறைத்தார்.

சாயங்காலம் வக்கீலுக்குப் போன் போட்டு, பத்திரம் வேண்டாம் என்று சொன்னார் சிகாமணி சார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்.

ஜனவரி 30, வெள்ளி

பெங்களூருக்குப் பதில் போட்டுவிட்டேன். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பழகிய வாய்க்கு வேறு தண்ணீர் சேராது என்று எழுதினேன். உண்மைதானே.

புது முறையில் முதல் ரிலீஸ். பொது, பில்லிங், ஸ்டாக், ஒரே சுற்று. யாரும் பின்னால் நிற்க வேண்டியதில்லை, "சரி" சொல்ல வேண்டியதில்லை, அவரவர் அறையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே இருவருக்கும் சொல்லியிருந்தேன். பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பினால் இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், ஆளுக்கு ஒரு டீயோடு. எனக்கு ஒன்று வாங்கி வர இருவருக்கும் தோன்றவில்லை.

கட்டி முடிந்தது. எல்லாம் பச்சை.

"அவ்வளவுதானா?" என்றார் சிகாமணி சார்.

"அவ்வளவுதாங்க சார்."

"ரெண்டாவது சுத்து?"

"இனிமே தேவையில்லீங்க."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். டீயில் இன்னும் பாதி இருந்தது. மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார், மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

"எதுக்கும் இன்னொரு சுத்து ஓட்டீருங்க வாணி" என்றார் மோகன் சார்.

ஓட்டினேன்.